பதினேழாம் நாள்: கடலூர் மாவட்டத்தில் சாவு, துக்கம், ஊர்

ஒரு முயற்சி வேலை செய்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பில் பாதி. சாஃப்ட்வேரில் அதுக்கு வசதி உண்டு. லாக் இருக்கும், எண் இருக்கும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஆனால் சாகக் கிடக்கிறவருக்கும் செத்தவர் வீட்டாருக்கும் ஓர் ஊர் செய்கிற உதவியை எதை வைத்து அளப்பது? போனவரிடம் கருத்துக் கேட்க முடியாது. இருப்பவரிடம் போய் "துக்கம் எத்தனை சதவீதம் குறைஞ்சுது?"ன்னு கேட்டால் துடைப்பக்கட்டைதான் பதில்.

அதுக்காக அளக்காமல் விடவும் முடியாது. "நம்ம பக்கம் சாவுன்னா ஊரே ஓடி வரும்" என்ற பெருமையில் உண்மை இருக்கிறது. அந்தப் பெருமை மறைக்கிற விஷயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டேன்: கடலூர். 1993 வரை தென்னாற்காடு மாவட்டமாக இருந்த நிலம். விருத்தாசலத்தில் ஒரு பழைய நம்பிக்கை, வடலூரில் 19-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் ஒன்று, கடற்கரையில் 2004 சுனாமி என்று, இந்தக் கேள்விக்கான சாட்சியங்கள் ஒரு பஸ் பயண தூரத்துக்குள் கிடக்கின்றன.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் மூன்று கேள்விகள்தான்:

1. உதவி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?
2. அந்த உதவியைச் செய்யும் பாரம் யார் தலையில் விழுந்தது?
3. பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, பதினேழாம் நாள் என்ன நடந்தது?

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. மேலே போகலாம்.

முந்தானைக் காற்று

"தரிசிக்க முக்தி சிதம்பரம், இறக்க முக்தி காசி" என்பது எல்லாருக்கும் தெரிந்த சொலவடை. கடலூர்க்காரர்களுக்குக் காசி வரை போக வேண்டியதில்லை. விருத்தாசலத்துக்கே விருத்தகாசி என்று பெயர். தலபுராணம் சொல்வது இது: இந்த ஊரில் உயிர் பிரிகிறவரை அம்பாள் தன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிறுகிறாள், சுவாமி காதில் ஐந்தெழுத்தைச் சொல்கிறார். இன்றைக்கும் மணிமுத்தாற்றில் அஸ்தி கரைக்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கதையை ஒரு ஆவணமாகப் படித்துப் பாருங்கள். சாகிறவருக்கு என்ன வேண்டும் என்று இந்த நிலத்து மக்கள் நினைத்தார்கள் என்பதற்கான பட்டியல் அதில் இருக்கிறது. தலை வைக்க ஒரு மடி, மூச்சுத் திணறும்போது கொஞ்சம் காற்று, காதருகில் தெரிந்த குரல். இன்றைய நோய் ஆதரவுச் சிகிச்சைப் பயிற்சியிலும் இந்த மூன்றும் உண்டு. மூச்சுத் திணறலுக்கு முகத்தருகே சின்ன விசிறியால் காற்று விடச் சொல்வது அங்கே நிஜமான பரிந்துரை.

செத்த பிறகு நடப்பதற்கும் ஊரில் ஓர் ஒழுங்கு உண்டு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். பங்காளிகள் பாடைக்கு மூங்கில் வெட்டப் போவார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பால் தெளிப்பு, பிறகு கருமாதி. துக்கம் விசாரிக்க வருகிறவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார், வீட்டார் அதே கதையை நாற்பது தடவை சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சித்திரவதை மாதிரி இருக்கும். ஆனால் நாற்பதாவது தடவை சொல்லும்போது குரல் உடைவது குறைந்திருக்கும்.

இப்போ மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்ப்போம். முதல் கேள்வியிலேயே இடிக்கிறது. புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு அந்த ஒழுங்கு கொடுப்பது ஆறுதலோடு தண்டனையும் சேர்த்து. தாலி அறுப்பு, பூவும் பொட்டும் போவது, பிறகு சுபகாரியங்களில் பின்வரிசை. தற்கொலைச் சாவு என்றால் விசாரிக்க வருகிறவர்களின் குரலே மாறிவிடும். இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். பறை அடிக்கவும், சேதி சொல்லப் போகவும், குழி வெட்டவும், பிணம் வெந்து முடியும்வரை காவல் நிற்கவும் எந்தச் சாதி ஆட்களை நிற்க வைத்தார்கள்? அவர்கள் வீட்டுச் சாவுக்குச் சுடுகாட்டுப் பாதையே சண்டையாக இருந்த ஊர்கள் எத்தனை? "ஊரே ஓடி வரும்" என்ற வாக்கியத்தில் "ஊர்" என்பது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம்ம பக்கம் ஊர் வேறு, சேரி வேறு என்றுதானே பேச்சு வழக்கே.

மூன்றாவது கேள்விக்கு விடை சுருக்கம்: பதினேழாம் நாள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

வடலூர், 1871

இந்த ஒழுங்கை உள்ளூரிலிருந்தே ஒருவர் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ராமலிங்க அடிகள், வள்ளலார். 1823-இல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா பிள்ளைகளை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போக, அண்ணன் சபாபதி வளர்த்தார். 1858 வாக்கில் சென்னையை விட்டுக் கிளம்பிச் சிதம்பரம் வந்து, பிறகு கருங்குழியில் தங்கினார். 1865-இல் சங்கம் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் 1867 மே 23 அன்று சத்திய தருமசாலை திறந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். 1872-இல் ஞானசபை. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் திரும்பவில்லை.

சோறும் ஜோதியும் எல்லாரும் பேசுகிற விஷயம். நான் சொல்ல வந்தது 1871-இல் அவர் தன் சங்கத்தாருக்கு எழுதிய சமாதிக் கட்டளை. சின்ன ஆவணம். என் சொற்களில் சுருக்கினால் இப்படி: இறந்தவரை எரிக்க வேண்டாம், புதைக்கணும். புருஷன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம். மனைவி இறந்தால் புருஷன் வேறு கல்யாணம் செய்ய வேண்டாம். பிள்ளைகள் இறந்தால் அழுது புலம்ப வேண்டாம். கருமாதி, திதி முதலான சடங்குகள் வேண்டாம். தெரிந்தவர்களுக்குச் சொல்லி, ஒரு நாளில், வந்தவர்களுக்கு முடிந்த அளவு சோறு போட்டால் போதும்.

இதற்கு அடியில் இருப்பது அவருடைய நம்பிக்கை. இறந்தவர்கள் மறுபடி எழுவார்கள், சாவு ஒரு தூக்கம் என்று அவர் போதித்தார். அந்த நம்பிக்கையை ஒதுக்கி வைத்து ஒரு சமூக முயற்சியாக மட்டும் பார்த்தாலும் இதில் நிறைய இருக்கிறது.

முதலில், தாலி. 1856-லேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் கல்யாணப் பந்தலுக்குத்தான் வந்தது. சாவு வீட்டுக்குள் நுழையவில்லை. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணை அதே வாரத்தில் ஊர் கூடி அவமானப்படுத்துகிற அந்த நிமிஷத்தை வள்ளலாரின் கட்டளை நேராகத் தொடுகிறது. அடுத்த வரியில் ஆணுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பதைக் கவனிங்க. மறுமணம் செய்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும் வசதி ஆணுக்கு மட்டும் இருந்த காலம் அது. விதவைக்கு மறுமணம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தராசின் இரண்டு தட்டையும் சமமாக்கினார். இன்றைய கண்ணுக்கு அது போதாது என்று தோன்றலாம். அன்றைய வீட்டுக்குள் அது பெரிய உடைப்பு.

இரண்டாவது, செலவு. கருமாதிக் கடன் குடும்பங்களை எப்படி அடித்துப் போடும் என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள், முடிந்த அளவு, வந்தவர்க்குச் சோறு: மூன்று நிபந்தனையும் கடனை வெட்டுகின்றன. அதோடு, யாரைக் கூப்பிடலைன்னு பங்காளி கோபித்துக்கொள்ளும் விருந்து, பசித்தவன் உட்காரும் பந்தியாக மாறுகிறது. எரிப்பதை நிறுத்திச் சடங்கையும் எடுத்துவிட்டால், சாவுத் தொழிலில் ஒரு சாதியைக் கட்டிப்போட்டிருந்த வேலைகளில் பலதும் தானாகக் கழன்றுவிடும்.

மூன்றாவது, அழுகை. இங்கேதான் எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. பிள்ளை செத்த தாயிடம் அழாதே என்பது அவருடைய நம்பிக்கைக்குள் ஆறுதல். அதுக்கு வெளியே அது ஒரு பாரம். ஒப்பாரி வெறும் சத்தம் இல்லை. மாமியார் கொடுமை, அண்ணன் தம்பி ஏமாற்றியது, புருஷன் குடித்தது எல்லாவற்றையும் ஒரு பெண் ஊர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடிந்த ஒரே மேடை அது. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க வேறு ஒன்று வேண்டும். கட்டளையில் சோறு இருக்கிறது. பேச்சுக்கு இடம் இல்லை.

150 வருஷத்துக்குப் பிறகு இதில் எது நின்றது? சன்மார்க்க அன்பர்கள் பலர் இன்றும் புதைக்கிறார்கள். தருமசாலையில் பந்தி நடக்கிறது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம். தாலி பற்றிய வரி மட்டும் கூட்டத்தின் காதில் விழவில்லை. சோறு போடுவதற்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தாலியை விட்டுவைக்க ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தக்காரர்களோடு சண்டை போட வேண்டும். முயற்சிகளை மதிப்பிடும்போது இந்த வித்தியாசம் முக்கியம்னு நினைக்கிறேன். ஒரு திட்டத்தில் எளிதான பகுதி பரவியதை வைத்து மொத்தத் திட்டமும் வென்றது என்று எழுதிவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர்க் கரையில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மொத்தம் எட்டாயிரத்தை ஒட்டி, நாகைக்குத்தான் பேரிழப்பு. கடலூர் மாவட்டத்தில் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், கிள்ளைப் பக்கத்து எம்ஜிஆர் திட்டு என்று கரை முழுக்க அடி.

ஓர் எண் என்னை நிறுத்தியது. ஆக்ஸ்ஃபாம் 2005-இல் வெளியிட்ட குறிப்பில் கடலூரில் இறந்தவர்களாக அவர்கள் கணக்கிட்டது: பெண்கள் 391, ஆண்கள் 146. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தேவனாம்பட்டினத்தில் 42-க்கு 21. ஆண்களில் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழ்கடலில் அலை தெரியாது. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். புடவை, இடுப்பில் குழந்தை, நீச்சல் கற்றுக்கொடுக்காத வளர்ப்பு.

அப்படின்னா, மிச்சம் இருந்து துக்கப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள். மனைவியையும் குழந்தையையும் ஒரே நாளில் இழந்தவர்கள். நம் சாவுச் சடங்கு ஒழுங்கோ விதவையை நடுவில் உட்கார வைத்து எழுதப்பட்டது. பெண்டாட்டி செத்த ஆணுக்கு அதில் வசனமே இல்லை. அவன் பந்தலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நாலு பேர் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். ராத்திரி யாராவது ஒரு பாட்டில் வாங்கிக் கொடுப்பார்கள். ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களும் செத்துப்போன தெருக்களில் அழுகைக்கே ஆள் குறைவு.

உடல் கிடைக்காதவர்களின் வீட்டில் இன்னும் சிக்கல். சடங்குக்கும் உடல் வேண்டும், சான்றிதழுக்கும் உடல் வேண்டும். காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு வருஷம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவான கணக்கு. கிடைத்த உடல்களும் பல இடங்களில் கூட்டமாகப் புதைக்கப்பட்டன. அந்த வேலைக்கு நாகை உள்ளிட்ட கரைக்குப் பல ஊர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள், பெரும்பாலும் தலித்துகள். இரண்டாவது கேள்வியின் விடை 2004-லும் மாறவில்லை.

மாறிய விஷயமும் உண்டு. பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத் பக்கத்து மீனவக் குப்பங்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தது. சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சோறு என்ற பழைய வழக்கம்தான். "பக்கத்து வீடு" மட்டும் விரிந்துவிட்டது. அரசு இறந்தவர் குடும்பத்துக்கு மத்திய, மாநிலப் பங்குகள் சேர்த்து இரண்டு லட்சம் கொடுத்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நாகை, கடலூர், கன்னியாகுமரியில் இல்லங்கள் திறந்தது. பிள்ளைகளை இழந்த, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த பெண்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்க இலவச அறுவை சிகிச்சை தந்தது. கடைசியாகச் சொன்னது பல வீடுகளுக்கு நிஜமான வரம். கூடவே, "இன்னொண்ணு பெத்துக்கோ, சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் நெருக்கவும் அது ஒரு வழி. ஒரே உதவி இரண்டு வேலை செய்யும்.

அளந்து பார்த்தவர்கள்

சுனாமிக்குப் பிறகு கரைக்கு ஆலோசகர்கள் நிறையப் பேர் வந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ், ஊர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுக்கும் வழியை எடுத்தது. அவர்கள் சொல்லிக்கொடுத்த அடிப்படைகள்: மனதில் உள்ளதைக் கொட்ட விடுவது, அவர் இடத்தில் நின்று உணர்வது, காது கொடுத்துக் கேட்பது, சுற்றத்தின் துணை, கவனத்தை வெளியே திருப்பும் வேலை, ஓய்வும் பொழுதுபோக்கும், ஆன்மிகம். இந்த ஏழில் பாதிக்கு மேல் பழைய துக்க வீட்டில் இருந்தவைதான். புதுசு என்னன்னா, இவர்கள் பதினேழாம் நாளுக்குப் பிறகும் வந்தார்கள்.

அப்படித் தொடர்ந்து வருவதால் பலன் உண்டா? சென்னையில் 1986-இல் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் லட்சுமி விஜயகுமார், சுரேஷ் குமாருடன் சேர்ந்து இதை அளந்து 2008-இல் வெளியிட்டார். சுனாமியில் உறவை இழந்தவர்களில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் சந்தித்த குழுவையும் சந்திக்காத குழுவையும் ஒப்பிட்டார்கள். சந்தித்த பக்கத்தில் மன வேதனை கூடுதலாகக் குறைந்திருந்தது. தன்னார்வலர்கள் டாக்டர்கள் இல்லை; கேட்கப் பழகிய சாதாரண ஆட்கள்.

அதே 2008-இல் வேலூர் சிஎம்சியின் ராஜ்குமார், பிரேம்குமார், தர்யன் மூவரும் நாகை மாவட்டக் கிராமங்களில் உட்கார்ந்து மக்களையே பேசவிட்டுக் கேட்ட ஆய்வு வந்தது. மக்கள் தங்களைத் தூக்கி நிறுத்தியதாகச் சொன்னது வெளியிலிருந்து வந்த மனநலச் சேவையை விட, தங்கள் சொந்த மனவழிகளையும் ஊரையும் சாமியையும்தான்.

இரண்டும் முரண் மாதிரி தெரியும். எனக்கு அப்படிப் படவில்லை. ஊர் கொடுக்கும் ஆறுதல் ஊருக்குள் நல்ல இடம் உள்ளவருக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறது. இடம் இல்லாதவரை, அதாவது தனிப் பெண்ணை, பேச்சற்ற கணவனை, ஒதுக்கப்பட்ட தெருவை, யாராவது தேடிப் போக வேண்டியிருக்கிறது. முதல் ஆய்வு தேடிப் போனதன் பலனை அளந்தது, இரண்டாவது ஏற்கெனவே இருந்ததன் பலத்தைக் கேட்டது.

கரை மக்கள் தாங்களே ஒரு சடங்கையும் உண்டாக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேவனாம்பட்டினத்தில் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். அன்று கடலுக்குப் போவதில்லை. உடல் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற பேதம் அதில் இல்லை. ஆண்களும் அங்கே நின்று அழலாம். பழைய ஒழுங்கில் இருந்த இரண்டு ஓட்டையையும் அது அடைக்கிறது. எந்தத் திட்ட அறிக்கையும் கேட்காமல் நடந்த திருத்தம்.

சாவுக்கு முன்னால்

இதுவரை பேசியதில் பெரும்பகுதி செத்த பிறகு. சாகிறதுக்கு முன்னால்? இங்கே கேரளம் நமக்கு முன்னால் போய்விட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானோர் தொடங்கியது, 2001 முதல் மலப்புறம் பக்கம் அக்கம்பக்க வலைப்பின்னலாக மாறியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க முடிந்த ஊர்க்காரர்கள், குறுகிய பயிற்சி, உள்ளூர்ச் சில்லறை நன்கொடை. 2008-இல் அரசு கொள்கையே வகுத்தது. 2022-இல் சாவின் மதிப்பு பற்றி லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கை கேரளத்தை ஓர் உதாரணமாக எடுத்துப் பேசுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் சேவை உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் செவிலியர் வந்து புண் துடைப்பது பெரிய விஷயம். வீட்டில் அதைத் தனியாகச் செய்து ஓய்ந்த மருமகளைக் கேட்டால் தெரியும். ஆனால் இதன் வெற்றியை நாம் எண்ணுவது "பயனாளிகள்" கணக்கில். என் துறையில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறேன்: எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும். வருகையை எண்ணினால் வருகை கூடும். நோயாளி இறந்ததும் பதிவேட்டில் அந்தப் பெயர் அடிபட்டுவிடும். அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் போக யாருக்கும் காரணம் இருக்காது. துக்கத்துக்குக் கட்டம் இல்லாத படிவம் துக்கத்தைப் பார்க்காது.

என்னைக் கேட்டால், அந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: இறந்து ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போனீர்களா, யாரிடம் பேசினீர்கள்? "யாரிடம்" என்பது முக்கியம். வாசலில் உட்கார்ந்திருக்கும் மூத்த மகனிடம் பேசிவிட்டு வருவது எளிது. அடுப்படியில் இருப்பவரிடமும், இரண்டு வருஷம் பாத்திரம் எடுத்து மலம் துடைத்து இப்போது திடீரென்று வேலையில்லாமல் நிற்பவரிடமும் பேசினார்களா என்பதுதான் கேள்வி.

மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இப்படி: பழைய ஒழுங்கு முதல் பதினாறு நாளில் வலுவானது, ஆனால் விதவையிடமும் தலித்திடமும் கணக்கு வசூலித்தே அந்த வலுவைப் பெற்றது. வள்ளலார் அந்த வசூலை நிறுத்தப் பார்த்தார். நாம் சோற்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடக்கமாக மடித்து வைத்துவிட்டோம். சுனாமித் தன்னார்வலர்கள் பதினேழாம் நாள் கதவைத் தட்டினால் பலன் உண்டு என்று காட்டினார்கள்; திட்டம் முடிந்ததும் தட்டல் நின்றது. இன்றைய அரசுச் சேவை சாவு வரைக்கும் வருகிறது.

இந்த நாலையும் ஒட்ட வைக்கப் புதுப் பணம் பெரிதாக வேண்டாம். விருத்தாசலத்துக் கதையில் மடி, காற்று, குரல் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. பந்தலைப் பிரித்த மறுநாள் போய் உட்கார ஓர் ஆள்தான் பட்டியலில் இன்னும் சேரவில்லை.